மூக்கில்லாத தக்காளி

“இதுக்கு மூக்கு இருக்கு. எடுத்துக்க முடியாது” என்றார் கொள்முதல் அதிகாரி.

கையிலிருந்த தக்காளியை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அதன் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துருத்தல். உண்மையைச் சொன்னால், அவருடைய மூக்கைவிட அது லட்சணமாகவே இருந்தது.

“செடியில தானா வர்றது சார். நாங்களா ஒட்ட வெச்சோம்?” என்றாள் விவசாயிகள் சங்கத் தலைவி.

“அதுக்கில்லம்மா. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று அதிகாரி ஓர் இரும்பு வளையத்தைக் காட்டினார். அதற்குள் புகுந்து வெளியே வந்தால்தான் அது தக்காளி. வராததெல்லாம் என்ன காய் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பெரிய கடையின் பின்பக்கம், சரக்கு இறக்கும் மேடையில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த குடும்பங்களை எல்லாம் பேசிப் பேசிச் சங்கமாகச் சேர்த்து, இந்த மேடைவரை கொண்டுவருவதற்குள் தலைவிக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது. இன்றைக்குத்தான் முதல் சரக்கு. அதிகாரி கையெழுத்துப் போட்டால் வருஷம் முழுக்க அவர்கள் தக்காளிக்கு இந்தக் கடை உண்டு.

போடாவிட்டால் தரகர் உண்டு. அவர் கேட் ஓரமாக நின்று நிதானமாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் போகிற வண்டியை மடக்கி அடிமாட்டு விலைக்கு அள்ளுவதில் அவர் கில்லாடி.

“எனக்கும் ஆசைதாம்மா” என்றார் அதிகாரி. “வெளியூர்லேருந்து லாரியில வர்றதைத்தான் உள்ள விக்கிறோம். அதுல மண்ணும் இல்ல, மணமும் இல்ல, வெறும் ரப்பர் பந்து. அதனாலதான் பக்கத்துத் தோட்டக்காரங்களா பாத்துக் கூப்பிட்டோம். ஆனா இருபது பெட்டியும் உருண்டையா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தமும் ரிட்டர்ன்.”

மூக்கும் முழியுமாக இருந்த தக்காளிகளைப் பொறுக்கித் தள்ளியதில் ஐந்து பெட்டி காலி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தலைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரில் அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பது?

வேன் ஓட்டிவந்த அவளுடைய கொழுந்தன் அப்போதுதான் முன்னால் வந்தான். சங்கத்தில் அவனுக்கு ‘சமாளி’ என்று பெயர்.

“சார், நீங்க போய் நிம்மதியா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள அஞ்சு பெட்டி உருண்டைத் தக்காளி இங்க இருக்கும்.”

அதிகாரி நம்பாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

“என்ன தம்பி இப்படிச் சொல்லிட்டே? தோட்டத்துக்குப் போய்ட்டு வரவே பொழுது சாஞ்சிடுமே!”

“பக்கத்துலயே பாத்துக்கறேன் அண்ணி. டீசலுக்கு வெச்சிருக்கற பணத்தை மட்டும் குடுங்க.”

அவன் வேனைத் தொடவே இல்லை. காலிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கினான். விசிலடித்தபடி தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் திரும்பினான்.

தரகர் இரண்டாவது குச்சியை எடுத்துக் குத்த ஆரம்பிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். ஐந்து பெட்டியிலும் தக்காளி, அச்சில் வார்த்தது போல. வெயிலுக்குத் தலையில் ஒரு புத்தம்புது பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருந்தான்.

“வாளி ஏதுப்பா?”

“மொத்தமா வாங்கினதுக்குச் சும்மா குடுத்தாங்க அண்ணி.”

“யார் பெத்த பிள்ளைங்களோ, நல்லா இருக்கட்டும்!” தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. விவசாயி கஷ்டம் விவசாயிக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சமாளி வாளியை வேனுக்குள் எறிந்தான். மேடையோரம் இருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு கை மண் அள்ளித் தக்காளிகள்மேல் தூவினான்.

“ஐயோ, அது எதுக்கு?”

“மண்ணே இல்லன்னு சாருக்கு வருத்தமா இருந்துச்சே.”

அதிகாரி வந்தார். வளையத்தை எடுத்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். எதுவும் மாட்டவில்லை. ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! இதுதாம்மா தக்காளி! மண்ணோட ருசி அப்படியே நாக்குல நிக்குது.”

நின்றது மண்ணேதான்.

“உள்ள நாங்க விக்கிற ரப்பர் பந்தெல்லாம் இதுக்குக் கிட்ட வருமா? இவ்வளவு பக்கத்துல இப்படி ஒரு தக்காளி இருக்கறது இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே!” என்று புலம்பியபடியே அதிகாரி கையெழுத்துப் போட்டார். கேட் ஓரம் தரகர் குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

தலைவிக்குத் தரையில் கால் பாவவில்லை. கொழுந்தனைப் பார்த்துக் கைகூப்பினாள். ஊருக்கே சோறு போட்ட மவராசன் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு கண்டிஷன்” என்றார் அதிகாரி, சமாளியின் தோளில் கைபோட்டு. “மூக்கு வெச்சதெல்லாம் இனிமே வேணாம். இருபது பெட்டியும் இதே தக்காளி, தினமும் காலைல ஆறு மணிக்கு இந்த மேடையில இருக்கணும். முடியுமா?”

சமாளி தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தான்.

“முடியும் சார். ஆனா முன்பக்கம் உங்க கடையை அஞ்சு மணிக்கே திறக்கச் சொல்லணும்.”