போனட்டில் ஐந்து விரல்கள்

நாற்பது நாளாக மூடிக் கிடந்த ஐமனின் கார் கோட்டிங் கடை திறந்ததும், முதல் ஆளாக மணியம் தன் காரை எடுக்க வந்து நின்றார்.

“போனட்டுல அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. கோட்டிங் காயறதுக்குள்ள யாருலா கை வெச்சது?”

“கூட வேலை செஞ்ச அனீசாதாண்ணே.”

“கூப்பிடு அவளை.”

“இப்ப வர்றதில்லண்ணே.”

“நிறுத்திட்டியா? நல்லதுலா. பாலிஷ் போட்டு எடுத்திடு. ரெண்டு நிமிஷ வேலை.”

ஐமன் மெஷினை விரல் அச்சு வரை கொண்டுபோய், கீழே வைத்துவிட்டான்.

“புது போனட்டே மாட்டித் தரேண்ணே. இதை எனக்குக் கொடுத்திடுங்க.”

“பைத்தியமா உனக்கு?”

“அனீசா என் பொண்டாட்டிண்ணே. அன்னைக்குத் தலை சுத்துதுன்னு உங்க கார்ல கை ஊனினா. ‘கையை எடுடி’ன்னு திட்டினேன். எடுத்தா, விழுந்தா. அப்புறம் கண்ணே திறக்கல.”