அரக்கு நிறத்தில் நாலு ஃபேன்

“கருமம்! கீர்த்தி, அத்த மொதல்ல மூடு. பாத்துக்கினு சாப்புட முடியல.”

பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் திருஞானசம்பந்தம். வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். என்னமோ கூடத்தில் எலி செத்துக் கிடக்கிற மாதிரி!

கிடந்தது எலி இல்லை, அவர் மகளுடைய கம்ப்யூட்டர். சந்தன நிறப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே சூடு தணிக்க நாலு குட்டி ஃபேன். நேற்றுவரை கறுப்பாக இருந்த நாலையும் கழற்றிவிட்டு அரக்கு நிறத்தில் புதுசு மாட்டியிருந்தாள் கீர்த்தி. சந்தனமும் அரக்கும் என்றால் அவளுக்கு உயிர். கீபோர்டு, மவுஸ், நாற்காலி உறைகூட அந்த ஜோடிதான்.

“நல்லா ஓடிக்கினு இருந்த ஃபேனு. கலருக்காக யாராவது மாத்துவாங்களா?” என்று கிசுகிசுத்தாள் அம்மா இந்திராணி. “அதான் உங்கப்பாவுக்குப் பத்திக்கினு வருது.”

“என் சம்பளம்மா. அவர் காசுல ஒண்ணும் வாங்கல.”

“அத்த அவராண்ட போய்ச் சொல்லு.”

அவரிடம் என்னத்தைச் சொல்வது? அன்று சாயங்காலம் பட்டுத் தறியை விட்டு எழுந்து வந்தவர், பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். விலை எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார் போல என்று நினைத்தாள் கீர்த்தி. அவளைக் கண்டதும் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

“நாலும் ஒரே கடையில வாங்குனியா?”

“மூணு மெட்ராசுல, ரிச்சி தெருவுல. அங்க மூணுதான் இருந்துச்சு. பின்னால மாட்டுறது மட்டும் ஆன்லைன்ல போட்டேன். ஏன்பா?”

“அதான பாத்தேன். த்தூ!”

ஏமாந்த சோணகிரி என்கிறார்! கீர்த்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூக்குப்பொடிக் கைக்குட்டையை அலசாமல் கொள்ளாமல் ஜன்னல் கம்பியில் காயப்போடுகிற மனுஷர். அதைப் பார்த்து எத்தனை நாள் அவளுக்குக் குமட்டியிருக்கிறது! ஒரு நாளாவது கருமம் என்று வாய் திறந்திருப்பாளா?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி துண்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“மூடிட்டா மட்டும்? உள்ள அது இருக்குதுன்னு எனக்குத் தெரியுது இல்ல?” ரசத்தோடு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அம்மாவே பஞ்சாயத்துக்கு வந்தாள். “இன்னாங்க இது? வயசு காலத்துல இப்பிடி வயித்தக் காயப்போட்டுக்கினு.”

“அது இல்ல இந்திராணி, அந்த ஃபேனு...”

“ஆன செலவு ஆயிடுச்சு, வுடுங்களேன்! சின்னப் பொண்ணு, ஆசப்பட்டுடுச்சு.”

“ஐய, மனுசனப் பேச வுடமாட்டியா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கீர்த்தி, ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்தச் சரி பண்ணு. இல்லன்னா தூக்கிக்கினு மெட்ராசுக்கே போய்டு. ரெண்டுல ஒண்ணு.”

மெட்ராசா? மறுபடியும் அந்த ஹாஸ்டலா? குளிக்கிற இடத்தில் ஊர்ப்பட்ட தலைமயிர் அடைத்துக்கொண்டு நிற்கும். சாம்பாரில் கரண்டி போட்டால் பூச்சிதான் முதலில் வரும். இந்த ஆறு மாதமாகத்தான் கம்பெனி வேலையைப் பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, அம்மா கைச் சோறு சாப்பிட்டு மனுஷியாக இருக்கிறாள். போயும் போயும் ஒரு கலருக்காக அதைத் தொலைக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் கண் கலங்கி, திருகாணிகூடச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் பழைய கறுப்பு ஃபேன்கள் கிடந்தன. பிசுபிசுவென்று தூசி, அதில் சிக்கிய பட்டுப் பிசிறு, ஒன்றில் கரப்பான் பூச்சியின் கால் வேறு. தொடவே கூசியது. இந்த அசிங்கத்தைத்தான் திரும்ப மாட்டவேண்டும். அவருக்கு வேண்டியதும் இதுதானே!

முன்பக்கத்து மூன்றில் ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்தாள். இரண்டாவதில் திருப்புளியை வைக்கும்போது தறிச் சத்தம் நின்றது. அப்பா வேட்டியைத் தடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயய்ய! அத்த ஏன் கழட்டுற? நல்லாதான இருக்குது?”

கீர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. “நீதானப்பா... காசக் கரியாக்கிட்டேன்னு மூணு நாளா சோறு துன்னாம...”

“காசா? காசப் பத்தி உங்கம்மாதான் பேசுனா. நான் எப்ப பேசுனேன்?”

அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கழற்றி வைத்த ஃபேனை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்து ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார், மூக்கைப் பொத்தாத குறை.

“மூணு அரக்கு, இது மெரூனு. பாத்துக்கினு எப்பிடிம்மா சோறு எறங்கும்?”