பீரியட் பூஜ்யம்

ஜனெல் முதலில் சுரைக்காய் கேக்கை மேசைமேல் வைத்தாள். அதன் பிறகுதான் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் படிவத்தைக் கேட்டாள். அயோவாவில் சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது.

மாணவர் ஆலோசகர் மார்ஜியின் கண் கேக்கில் நிற்காமல் கீழே போனது. ஜனெலின் இடது காலில் பனிக்கால பூட்ஸ், வலது காலில் ரப்பர் செருப்பு.

"காலுக்கு என்னாச்சு, ஜனெல்?"

"எல்லாம் உங்க பேண்டு வாத்தியம் பண்ண வேலை. காலைல ஏழு மணிக்குத் துணி துவைக்கப் போறேன், வழியிலயே கிடக்கு இவ ட்ரம்போன் பெட்டி. கட்டைவிரல் நகம் பேந்துபோச்சு. இந்த மாசத்துல இது மூணாவது தடவை!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் லிடியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா டேரல், மடியில் விதைக் கம்பெனித் தொப்பியோடு.

லிடியா பாதி வீட்டுப்பள்ளி, பாதி ஊர்ப்பள்ளி. கணக்கும் சரித்திரமும் அம்மாவிடம், சமையலறை மேசையில். வீட்டில் அமிலம் வைத்துக்கொள்ள ஜனெலுக்குப் பயம், ட்ரம்போன் சத்தம் மாடுகளுக்கு ஆகவில்லை, அதனால் வேதியியலும் பேண்டும் மட்டும் இங்கே.

லிடியாவுக்குக் கால்நடை டாக்டராக வேண்டும். பள்ளியின் வேதியியல் ஆய்வகம் போனால் அதுவும் போய்விடும்.

"நல்லாத்தானே போய்ட்டிருக்கு, எதுக்கு நிறுத்தறீங்க?" என்றாள் மார்ஜி.

"நல்லாப் போறது எங்க வீட்டுல." ஜனெல் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். "மாநிலத் தேர்வு. கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தேழு! உங்க பசங்கள்ல பாதிப் பேர் தேறலைன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

"சந்தோஷமான விஷயந்தான்."

"எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்னு கேளுங்க. பின்னம்னா அளவுக் கப்பு. வட்டம்னா ஆப்பிள் பை. அல்ஜீப்ரால எக்ஸைக் கண்டுபிடின்னு போட்டிருந்தது. நம்ம வீட்டுல எதுவும் தொலையாது, அடுத்த பக்கத்தைத் திருப்புன்னுட்டேன். அப்படியும் தொண்ணூத்தேழு!"

அந்த வீட்டுப்பள்ளியில் வருஷா வருஷம் சிறந்த ஆசிரியைக்கான பட்டமும் உண்டு. இதுவரை எல்லா வருஷமும் ஜனெலுக்கே கிடைத்திருக்கிறது.

மார்ஜி இருமினாள். இருமலுக்குள் இருந்த சிரிப்பு ஜனெலின் காதில் விழவில்லை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, வீட்டுலயே பாடம் நடத்தற பதினாலு அம்மாக்கள் முன்னாடி இதைப் பத்திப் பேசப்போறேன். பாதிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு எந்த மூஞ்சியோட பேசறது? ஃபாரத்தைக் கொடுங்க."

"அம்மா, கெமிஸ்ட்ரி மட்டுமாவது..." என்றாள் லிடியா.

"சும்மா இருடி. கணக்கே சொல்லிக்கொடுத்தவளுக்குக் கெமிஸ்ட்ரி எம்மாத்திரம்? பேக்கிங் சோடாவும் வினிகரும் நம்ம வீட்டுலயே இருக்கு."

லிடியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அம்மாவின் பூரித்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். டேரல் மடியிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

மார்ஜி படிவத்தை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. "இந்த மார்க்குல பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு, ஜனெல்."

"பங்கா?" ஜனெல் இரண்டாவது தாளை எடுத்து மேசைமேல் அடித்து வைத்தாள். "இவளோட டைம்டேபிள், நீங்களே தபால்ல அனுப்பினது. நல்லாப் படிங்க. கெமிஸ்ட்ரி, பீரியட் மூணு. பேண்டு, பீரியட் நாலு. கணக்கு, பீரியட் பூஜ்யம்! ஒரு பீரியட்கூட நடத்தாம பங்கு கேக்க வந்துட்டீங்களே, கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்?"

ஜனெலும் வீட்டிலேயே படித்து முடித்தவள். பள்ளிக்கூட மணியை வாழ்நாள் முழுக்க வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறாள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள். தாளில் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

மார்ஜி கேக்கை ஓரமாகத் தள்ளினாள். "அது எத்தனை பீரியட்னு இல்ல, ஜனெல். எத்தனாவது பீரியட்னு."

"பூஜ்யமாவது பீரியட்னு எங்கயாவது உண்டா?"

"இங்க உண்டு. முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி. காலைல ஆறரைலேருந்து ஏழரை வரைக்கும்."

ஜனெல் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாப் பொய் சொல்றீங்க! ஆறரைக்கு இவ இங்க ட்ரம்போன் பயிற்சில இருப்பா. ஒரு நாள் தவறாம டேரல்தான் டிரக்குல கொண்டுவந்து விடறான். அவனையே கேளுங்க!"

மார்ஜி கேட்கவில்லை. லிடியாவும் மார்ஜியும் டேரலைப் பார்த்தார்கள், கடைசியாக ஜனெலும் திரும்பினாள்.

டேரல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப ஏழு மணிக்கு உன் கால்ல இடிச்சது என்ன, ஜனெல்?"