விமானத்தை நிறுத்திய பட்டன்

"ஆமா மச்சான், சட்டைப் பட்டன்தான். என் சட்டையோடதுதான்."

இன்ஜினியர் அசராம சொல்லிட்டு டீயை உறிஞ்சினாரு. மச்சானுக்குத்தான் வயித்தெரிச்சல். தங்கச்சி புருஷன் விமானம் கட்டுற ஃபேக்டரியில இன்ஜினியர்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டிருந்தவரு. இப்ப என்னடான்னா, பட்டனைக் காணோம்னு வேலையை நிறுத்தி, மூடின வால் பகுதியைத் திரும்பப் பிரிக்க வச்சிருக்காரு மாப்ள. வரவேண்டிய மேனேஜர் பதவி வேற ஆளுக்குப் போயிடுச்சு. ஃபேக்டரியில இவருக்கு 'பட்டன் சார்'னே பேரு.

"ஒரு பட்டனா மாப்ள விமானத்தைக் கவுத்துடும்?"

வாலுக்குள்ள ஓடுற கம்பிவடத்துல சிக்கினா, பைலட் திருப்புற பக்கம் விமானம் திரும்பாதுன்னு இன்ஜினியர் பொறுமையா சொன்னாரு. உள்ள எது விழுந்தாலும் எடுத்துட்டுத்தான் மூடணும்.

"சரி, கிடைச்சுதா?"

"பட்டன் கிடைக்கல. ஒரு நட்டு கிடைச்சுது. வடத்தை ஒட்டி."

மச்சான் டம்ளரைக் கீழ வச்சாரு.

கைதவற விட்டது ஒரு ஃபிட்டர். ஏற்கெனவே ஒரு தப்புக்கு எச்சரிக்கை வாங்கினவர். வேலை போயிடும்னு வாயைத் திறக்கல. நட்டு வெளிய வந்ததும், என்னுதுதான்னு எல்லார் முன்னாடியும் அவரே ஒத்துக்கிட்டாராம். பட்டனைத் தொலைச்ச இன்ஜினியரையே வீட்டுக்கு அனுப்பல, அவரை மட்டும் எப்படி அனுப்புவாங்க? இப்ப ஒரு வாஷர் விழுந்தாக்கூட ஆளாளுக்கு ஓடி வந்து சொல்றாங்களாம்.

அதைச் சொல்றப்ப மாப்ள முகத்துல பதவி போன கவலை துளிகூட இல்ல.

"எல்லாம் அதிர்ஷ்டம் மாப்ள. உங்க பட்டன் மட்டும் விழலேன்னா..."

"ஏங்க, வாஷிங் மெஷின் மறுபடி நின்னுபோச்சு. வந்து பாருங்க" - உள்ளேருந்து மனைவி குரல்.

இன்ஜினியர் எழுந்தாரு.

"விழல மச்சான். அந்த ஃபிட்டர் அன்னைக்குச் சாப்பாட்டுல கை வைக்காம வாலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. நேரா கேட்டா இல்லைன்னுடுவாரு. ஒருதரம் இல்லைன்னுட்டா, அப்புறம் எப்படி மாத்திச் சொல்லுவாரு? அதான் நானே பட்டனைப் பிச்சுக்கிட்டேன்."

"ஏங்க!"

"இதோ வந்துட்டேன்" - சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டே உள்ள போனாரு.