கில்மொராக்கின் பச்சைக் கதவு

அவன் குறிப்பேட்டை எடுத்ததுதான் தாமதம், தபால் கடையை விட்டு ஒரு பெண் இறங்கி வந்தாள்.

"தமிழோ?"

தலையாட்டினான்.

அவள் பெயர் சிவநந்தினி. அயர்லாந்தின் கில்மொராக்கில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறாள்.

அவன் மருத்துவன். இந்த ஊர் வேலையை ஏற்பதா வேண்டாமா என்று திங்களன்று பதில் தர வேண்டும். ஊரில் யாருக்கும் சொல்லாமல் பார்க்க வந்திருக்கிறான். எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னது மனைவி.

சிவநந்தினிக்கு அதெல்லாம் தெரியாது. இது தூய்மையான ஊருக்கான போட்டிக் காலம். நடுவர் சொல்லாமல்தான் வருவார், கையில் குறிப்பேடு இருக்கும். அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

"நீங்கள் ஆரெண்டு நான் கேக்கேல்லை. சும்மா நடந்து பாப்பம், வாங்கோ."

அவனைப் பேசவிட்டால்தானே.

ஏழு கண் பாலம். பஞ்சத்தில் ஊரார் ஒரு வேளைக் கஞ்சிக் கூலிக்குக் கட்டியது. இன்றுவரை ஒரு கல் அசையவில்லை.

வெண்ணெய் ஆலை. நூறு வருடத்துக்கு முன், விடுதலைப் போரில் ஆங்கிலேயப் படை எரித்தது. ஊர் ஒரே வருடத்தில் திரும்பக் கட்டியது. அதைச் சொல்லும்போது தானே கல் சுமந்தவள் போல அவள் நிமிர்ந்தாள்.

ரயில் நின்று அறுபது வருடம். நிலையம் நூலகமாகிவிட்டது. பயணச்சீட்டு ஜன்னலில் புத்தகம் தருகிறார்கள்.

வியாழன்தோறும் ஆட்டுச் சந்தை. ஆற்றில் நீந்தப் படிக்கட்டு.

"தண்ணி குளிர்தான். ஆனா எங்கட தண்ணி."

இறைச்சிக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடி அவனைப் பார்க்காத மாதிரி பார்த்தார். எதிர்வீட்டுப் பூத்தொட்டிகளுக்கு மூன்றாம் முறையாகத் தண்ணீர் விழுந்தது. ஊரே நடித்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஊரைப் பிடித்தும் போனது.

ஒரு பச்சைக் கதவு. புது வண்ணம், இரு பக்கமும் பூக்கள், பெரிய பூட்டு.

அவள் நடையைக் கூட்டினாள்.

அவன் நின்றான்.

அவள் முகம் வாடியது. "டொக்டர் போய் ரெண்டு வருசம். ஒருத்தரும் வாறேல்லை. போன மாசம் ஒருத்தி ஆசுபத்திரிக்குப் போற வழியில காருக்குள்ளயே பெத்தவள்."

உடனே நிமிர்ந்தாள். "எண்டாலும் கார் எங்கட எல்லைக்குள்ளதான் நிண்டது. இதுக்கு மார்க் குறைச்சுப்போடாதேங்கோ."

சொன்ன பிறகுதான் கட்டுப்பாட்டை மீறியது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தான்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"