நீர்யானையின் அழுகை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் கை வைக்கிறேன்; டெலிபோன் டைரக்டரி என்றாலும் சரி.

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சோபாவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அவன் மூச்சு விடறதுகூடக் கேக்குது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற கணவருக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் இருந்ததும் எரிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

அவரை ஊரே நீர்யானை என்றுதான் அழைக்கும். ஆள் துடைப்பக்குச்சிதான். ஒரு கார்ட்டூன் படத்தில், தாயைத் தொலைத்த நீர்யானைக் குட்டி ஆற்றோரம் உட்கார்ந்து அழும். அந்த அழுகை இவருடைய ட்ராம்போன், அதாவது நீட்டி மடக்கும் பித்தளைக் குழாய். படம் வந்ததிலிருந்து தபால்காரர் முதல் பல்டாக்டர் வரை "வாங்க நீர்யானை" என்றே வரவேற்றார்கள். இவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்.

இதில் ஒரு முள் இருந்தது. மனைவியின் தம்பியும் ட்ராம்போன்காரர். இசையமைப்பாளர் அதே அழுகையை இருவரையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். வாசித்துவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். படத்தில் எதை வைத்தார்கள் என்பதே திரையில் இவர் பெயர் வந்தபோதுதான் தெரிந்தது.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்தின் இசை, விரிவாக்கிய ஆல்பமாக வந்துவிட்டது. முன்பு வந்த ஆல்பத்தில் நாலு பாட்டோடு சரி. இதில் படத்தில் வந்த எல்லாத் துணுக்குகளும் உண்டு. ஒதுக்கி வைத்த வாசிப்புகளும் உண்டு. கடைசியாக, மைத்துனர் பெயரைத் தாங்கி, அந்த இன்னொரு அழுகை.

அதைத்தான் அவள் ஓயாமல் கேட்டாள். கண்ணீர் சோபாவை நனைத்துத் தரைக்கு இறங்கியது. குழாய்தான் உடைந்துவிட்டதென்று கீழ்வீட்டுக்காரர் பிளம்பரோடு ஏறி வந்தார். பிளம்பர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். அவரும் சோபாவில் இடம் பிடித்துக்கொண்டார்.

"என்னோடதைக் கேட்டு ஒருநாளாவது அழுதிருக்கியாடி?" என்றார் நீர்யானை.

"உங்களோடது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அது அழற மாதிரி நடிக்குது. தம்பியோடது நிஜமாவே அழுது."

"நடுநடுவுல துருத்தி மாதிரி மூச்சு வாங்கறான். அதுவா சங்கீதம்?"

"அந்த மூச்சுதாங்க என்னை என்னவோ பண்ணுது. ரொம்பப் பழகின மூச்சு. பக்கத்துலயே இருக்கற மாதிரி."

"கூடப்பிறந்தவன் மூச்சு பழகாம இருக்குமா!" என்று பல்லைக் கடித்தார்.

மறுநாளே மைத்துனர் வந்து இறங்கினார், முகமெல்லாம் பல்லாக.

"அத்தான், ஒரு கூத்து கேளுங்க. தெருமுனையில உங்க தபால்காரர் என்னைப் பாத்து 'வணக்கம் நீர்யானை'ங்கறாரு! எனக்கு வெக்கமாப் போச்சு. உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"எனக்கென்னடா வருத்தம்?" என்றார் அத்தான். கையிலிருந்த டம்ளர் நெளிந்தது. எவர்சில்வர் டம்ளர்.

மைத்துனர் கிளம்பியதும் இவர் நேராக ஆல்பம் போட்ட தொகுப்பாளரின் அறைக்குப் போனார். சுவர் முழுக்க டேப் பெட்டிகள்.

"ரெண்டாம் பதிப்புல அந்தக் கடைசி அழுகை இருக்கக்கூடாது."

"அண்ணே, ஜனங்க அதைத்தானே தேடித் தேடி வாங்கறாங்க!"

"ஒரு படத்துக்கு ஒரு நீர்யானைதான்யா. அது இருந்தா என்னோடதையும் எடுத்துடு. நான் அனுமதி தரமாட்டேன்."

படத்தில் வந்த அழுகையே இல்லாமல் அந்தப் படத்துக்கு ஆல்பம் போட முடியுமா? தொகுப்பாளர் தலையைச் சொறிந்தார். "சரிண்ணே. தூக்கிடறேன்."

அடுத்த மாதம் மைத்துனர் மறுபடி சாப்பிட வந்திருந்தபோது போன் அடித்தது. தொகுப்பாளர்தான். எல்லோர் காதிலும் விழட்டும் என்று நீர்யானை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார்.

"அண்ணே, ரெண்டாம் பதிப்பு கடைக்குப் போயாச்சு. நீங்க சொன்னபடி அந்த அழுகையைத் தூக்கிட்டேன். இனிமே அது வராது."

மைத்துனரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

நீர்யானை அதைக் காதில் வாங்காமல் போன் பக்கம் குனிந்தார். "சொல்லுங்க தம்பி, சொல்லுங்க! இன்னும் கொஞ்சம் சத்தமா!"

"இன்னொரு விஷயம்ணே. தூக்கினதோட மூல டேப்பை உள்ள வெக்கறதுக்கு முன்னாடி, சும்மா ஆரம்பத்துல இருந்து ஓட்டினேன். வாசிப்பு தொடங்கறதுக்கு முன்னாடி 'டேய் மச்சான், தள்ளி நில்லுடா, என் கை இடிக்குது'ன்னு ஒரு குரல். சந்தேகமே இல்லைண்ணே, உங்க குரல். அந்தக் காலத்துலயே ரெண்டு டேப்பையும் பெட்டி மாத்தி வெச்சிருக்காங்க."

நீர்யானை ஸ்பீக்கரை அணைக்கப் பாய்ந்தார்.

"தூக்கினது உங்களைத்தாண்ணே. படத்துல வர்ற நீர்யானை உங்க மச்சான்."