இன்னொரு காலுறை

"வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

கேட்டு முடித்த பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது ஜெனலினுக்கு உறைத்தது.

உங்கள் கணவர் ரபுகோ இறந்துவிட்டார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

எல்லாம் எட்டு வருஷப் பழக்கம். மணிலாவில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவில் யார் வீட்டிலோ ரிப்பேரான வாஷிங் மெஷினுக்காக மன்னிப்புக் கேட்ட எட்டு வருஷம். ஒவ்வொரு அழைப்பையும் ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. பாதிக் கேள்வியிலேயே போனை வைத்துவிடுவார்கள்.

படித்தது என்னவோ நர்ஸ் படிப்பு. கொரோனா வந்து ஊர் அடங்கியபோது, போதும் இந்தப் பிழைப்பு என்று ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். ஒரு நோயாளியின் நாடியையாவது பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

தலைமை நர்ஸ் வில்மா அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல் அந்தப் பிளாஸ்டிக் உடைக்குள்ள போய் வீணாகணுமா?" என்று சொல்லி ஒரு மேஜையைக் காட்டினாள். மேஜைமேல் ஒரு போன். இறந்தவர்களின் வீட்டுக்குச் சொல்லும் வேலை.

போனிலிருந்து தப்பித்து வந்தவளுக்கு மறுபடியும் போன்.

இன்று லீவின் கடைசி நாள். அவளுடைய டீம் லீடர் போயெட் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். "திரும்பி வர்றியா இல்லையான்னு மூணு மணிக்குள்ள சொல்லு. உன் நாற்காலியில என் சாப்பாட்டு டப்பாவை வெச்சிருக்கேன். அது உன்னைவிட நல்லா வேலை பாக்குது."

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தாள். இப்போது மணி இரண்டேகால்.

எதிர்முனையில் அந்தப் பெண், அடோரா என்று பெயர், போனை இன்னும் வைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஜெனலின் வாயெடுத்தாள்.

"வேணும், மகளே" என்றாள் அடோரா. "அவரைத் தனியா விட்டுடாதீங்க. எங்களைத்தான் கிட்ட விட மாட்டேங்கிறாங்க. வண்டி வர்ற வரைக்கும் நீ பக்கத்துல உக்காந்துக்க. அப்புறம், இடது காலுக்கு ஒரு சாக்ஸ் போட்டு விடு. அந்தக் கால் மட்டும் அவருக்கு எப்பவும் சில்லுன்னு இருக்கும்."

அவர்கள் ஊர்ப்பக்கம் இறந்தவரை அடக்கம் செய்யும்வரை தனியே விடுவதில்லை. சீட்டாடிக்கொண்டாவது யாராவது உடன் விழித்திருப்பார்கள். இந்த வருஷம் அதுவும் போயிற்று.

ஜெனலின் தன் பையிலிருந்த மாற்றுக் காலுறைகளை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்காமல் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள்.

"போன் பொண்ணுக்கு வார்டுல என்ன வேலை?" என்றாள் வில்மா.

"ஒருத்தர்கூட உக்காரணும், மேடம்."

கோப்பில் போட்டிருந்த பதினொன்றாம் கட்டிலின் திரையை விலக்கினாள்.

ரபுகோ சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"உப்பே இல்லைம்மா இதுல" என்றார். "செத்தவன்கூட எழுந்து வந்து கேப்பான்."

ஜெனலின் கட்டிலில் தொங்கிய அட்டையைப் படித்தாள்; ரபுகோ என்றுதான் இருந்தது. அவள் கையிலிருந்த காலுறைகளை அவர் பார்த்தார். முகம் மாறியது. கிண்ணத்தை வைத்துவிட்டு இடது காலை மெதுவாக அவள் பக்கம் நீட்டினார்.

"எம் பொண்டாட்டிகிட்ட பேசினியா? இது வேற யாருக்கும் தெரியாதே."

அவள் மண்டியிட்டாள். காலுறையை மாட்டிவிட்டாள். கால் சில்லென்றுதான் இருந்தது. பாதத்தின்மேல் விரலை வைத்தபோது, கையுறையையும் தாண்டி நாடி துடித்தது.

அப்புறம்தான் தலையைத் திருப்பினாள். மூன்று கட்டில் தள்ளி, பதினான்கில், கால்முதல் தலைவரைக்கும் மூடிய வெள்ளைத் துணி. கட்டிலில் தொங்கிய அட்டையிலும் ரபுகோ.

இருவரும் ஒரே ஊர். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் குடும்பப்பெயர். இறப்பைச் சொல்லி வார்டிலிருந்து வந்த சீட்டில் பெயரும் மாடியும் மட்டும் இருந்தன. மேஜையில் இரண்டு ரபுகோ கோப்புகள் கிடந்தன. மேலே இருந்ததை எடுத்து, எண்ணைப் பார்த்துப் போனைப் போட்டது அவள்தான். ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமே.

ஒன்றும் வேண்டாம் என்று அடோரா சொல்லியிருந்தால்?

வில்மா வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வார்டு போனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அடோரா முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். பிறகு ஜெனலினைத் திட்டினாள், அது நியாயம். போனை அவரிடம் கொடுத்த பிறகு, இந்த நேரத்தில் உப்பைப் பற்றிப் பேசுகிற புருஷனைத் திட்டினாள்.

ஜெனலின் பதினான்காம் கட்டிலுக்குப் போய், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஜோடியின் இன்னொரு காலுறை இருந்தது. இவருக்கு எந்தக் கால் சில்லிடும் என்று அவளுக்குத் தெரியாது.

பதினொன்றாம் கட்டிலிலிருந்து போன் திரும்பக் கைக்கு வந்ததும், இந்த அட்டையிலிருந்த வீட்டு எண்ணைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். ஒரு பெண்குரல் எடுத்தது. முழுப்பெயரையும் வயதையும் ஊரையும் கேட்டு இரண்டு முறை சரிபார்த்தாள். அப்புறம், நிறுத்தி நிறுத்தி, சொன்னாள்.

பாதுகாப்பு உடைக்குள்ளே எங்கேயோ அவளுடைய சொந்த போன் அதிர்ந்தது. மணி மூன்று. உடையைக் கழற்றினால்தான் அதை எடுக்க முடியும்.

எதிர்முனையில் அழுகை அடங்கும்வரை ஜெனலின் பொறுத்திருந்தாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, காலுறையைக் கையில் வைத்தபடி, பதிலுக்குக் காத்திருந்தாள்.